கூதிரிலிருந்து முன்பனிக்கு: புதுக்கடை வட்டார வீட்டுவிளைப் பராமரிப்பும் பருவ அறிவும்

ஆய்வுச்சுருக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள புதுக்கடை வட்டாரத்தில் வீட்டைச் சூழ்ந்த நிலம் ‘விளை’ எனப்படுகிறது. தென்னை முதல் கிழங்கு வரை பல அடுக்குகளாக அமைந்த இவ்விளைகள் கூதிர்ப் பருவம் முடிந்து முன்பனி தொடங்கும் காலத்தில் எவ்வகைப் பராமரிப்பை வேண்டுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இங்குப் பருவமாற்றம் என்பது குளிரின் வருகையன்று. மழை நின்று நீர் குறையத் தொடங்குதலே ஆகும். எனவே விளைப் பராமரிப்பின் மையமும் ‘நீரை வடித்தல்’ என்பதிலிருந்து ‘நீரைக் காத்தல்’ என்பதற்கு மாறுகிறது. இம்மாற்றத்தை உணர்த்தும் பயிர்க் குறிகள், அடுக்குதோறும் செய்யத்தக்க பணிகள், 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் உணர்த்திய பாடம், விளைகளின் இன்றைய நிலை ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விளை, கூதிர், முன்பனி, கிழங்குப் பயிர்கள், மூடாக்கு, புதுக்கடை

1. முன்னுரை

தமிழ் மரபு ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துள்ளது. தொல்காப்பியப் பொருளதிகாரம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் ஆகியவற்றைத் திணைகளோடு இயைத்துக் கூறுகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும், மார்கழியும் தையும் முன்பனி என்றும் கொள்வது உரைமரபு. நெடுநல்வாடை கூதிர்ப் பருவத்தையே தன் பின்புலமாகக் கொண்டுள்ளது. இப்பகுப்பு இலக்கிய ஆய்வில் பெரும்பாலும் அகத்திணை உரிப்பொருளுக்குப் பின்னணியாகவே நோக்கப்படுகிறது. ஆனால் பருவப் பகுப்பு உழவரின் பயன்பாட்டிற்கும் உரியது. எந்தப் பயிரை எப்போது நடுவது, எப்போது பறிப்பது, எப்போது தொடாமல் விடுவது என்னும் முடிவுகள் அதனையே சார்ந்துள்ளன.

வீட்டுத்தோட்டம் குறித்து இன்று எளிதில் கிடைக்கும் வழிகாட்டல்களுள் பல குளிர்நாடுகளின் இலையுதிர்காலத்தையோ, தமிழகச் சமவெளியின் ஆடிப்பட்டத்தையோ அடிப்படையாகக் கொண்டவை. இரு பருவமழைகளையும் பெறும் குமரி மேற்கிற்கு இவை இரண்டும் முழுமையாகப் பொருந்தா. பொருந்தாத நாள்காட்டியைப் பின்பற்றுவோர் மழை ஓயுமுன் விதைத்து நாற்றை அழுகவிடுகின்றனர். அன்றேல் ஈரம் வற்றிய பின் மூடாக்கிட்டுப் பயனிழக்கின்றனர். ஆகவே இவ்வட்டாரத்திற்குரிய பருவ அறிவைத் தொகுத்துக் காண்பது தேவையாகிறது.

2. புதுக்கடையும் விளையும்

புதுக்கடை, பழைய விளவங்கோடு வட்டத்தைச் சார்ந்த பேரூர். முஞ்சிறைக்கு அருகிலும் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்குச் சில கிலோமீட்டர் உள்ளேயும் அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த இப்பகுதி, அன்று தமிழகத்தோடு இணைந்தது. நாஞ்சில்நாடு என்னும் பெயர் சிறப்பாகத் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நெல்வயற் பகுதிகளையே குறித்தது. விளவங்கோட்டுப் பகுதியோ செம்மண்ணும் சரல்மண்ணும் நிறைந்த மேடுபள்ளமான நிலம். இங்கு வயலினும் விளையே குடும்பத்தின் முதன்மை நிலமாக இருந்துவந்துள்ளது. மாவட்டமெங்கும் ‘விளை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் மிகுந்து காணப்படுவது இதற்குச் சான்றாகும்.

விளை என்பது காய்கறிப் பாத்திகள் மட்டும் கொண்ட தோட்டமன்று. மேலே தென்னை, அயனி, பலா, மா, புளி. அவற்றின் கீழ்க் கமுகும் மரங்களைப் பற்றிய நல்லமிளகுக் கொடியும். அதன் கீழ் ஏத்தன், மட்டி, பாளையங்கோடன், செந்துளுவன் முதலிய வாழைகள். இவற்றின் இடையே மரச்சீனி. தரையில் சேனை, சேம்பு, காச்சில், இஞ்சி, மஞ்சள், கூவை என அது அடுக்கடுக்காக அமைந்தது. சரிவான இடங்களில் மண்ணைத் தாங்கும் கையாலைகள் விளையின் எல்லையாகவும் மண்ணரிப்புத் தடையாகவும் பயன்படுகின்றன. கேரளத்தின் வீட்டுவளாகங்கள், இலங்கையின் கண்டித் தோட்டங்கள், ஜாவாவின் ‘பெக்காரங்கான்’ ஆகியனவும் இத்தகைய அமைப்புடையவையே. குமரி மாவட்ட மட்டி வாழை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய விளைகளே அவ்வகை வாழை தலைமுறைகள் கடந்து நிலைத்த இடங்களுள் ஒன்று.

3. பருவமாற்றத்தின் இயல்பு

புதுக்கடை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 பாகை வடக்கே உள்ளது. இங்கு உறைபனி இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணிநேரத்திற்குச் சற்றுக் குறைவே. எனவே குளிர்நாட்டுத் தோட்டத்தில் நிகழ்வதுபோல் பயிர் வளர்ச்சி முற்றாக நிற்பதில்லை. மாறுவன நான்கு: மழை, காற்று, பகலின் நீளம், இரவின் ஈரம்.

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையையும் இப்பகுதி பெறுகிறது. மார்கழியில் மழை குறைந்து, தை, மாசியில் ஆண்டின் மிக வறண்ட காலம் தொடங்குகிறது. அதாவது, கார்த்திகை இறுதியில் மண்ணில் நிற்கும் ஈரமே அடுத்த கோடைமழை வரை விளையின் முதலிருப்பு. அவ்விருப்பைக் காப்பதா, இழப்பதா என்பது இம்மாற்றக் காலத்தின் சில வாரங்களில் முடிவாகிறது.

இவ்வாரங்களை மாதப் பெயரால் மட்டும் அறிந்துகொள்வது போதாது. ஞாயிறு ஒவ்வொரு நாண்மீனிலும் தங்கும் பதின்மூன்று, பதினான்கு நாட்களை ஓர் அலகாகக் கொண்டு ஆண்டை 27 ஞாற்றுவேலைகளாகப் பகுக்கும் வழக்கம் கேரளத்திலும் அதனை ஒட்டிய குமரி மேற்கிலும் உண்டு. மாதத்தினும் நுண்ணிய இவ்வலகு உழவுப்பணிக்கு ஏற்றது. எனினும் மழை ஆண்டுதோறும் முந்தியும் பிந்தியும் பெய்வதால், கணக்கோடு பயிரின் குறிகளையும் சேர்த்து நோக்க வேண்டியுள்ளது. அக்குறிகளுள் முதன்மையானவை வருமாறு:

அ) காச்சில் கொடியின் இலைகள் மஞ்சளித்து அடியிலிருந்து காயத் தொடங்குதல்.
ஆ) சேனையின் தண்டு தானே சாய்தல்.
இ) நல்லமிளகுச் சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவத்தல்.
ஈ) பலாவின் அடிமரத்தில் பிஞ்சுகள் தோன்றுதல்.
உ) காலையில் இலைநுனிகளில் பனி நிற்பதும், மேல்மண் நண்பகலுக்குள் வெளுப்பதும்.

இவற்றுள் முதல் இரண்டும் நோய்க்குறிகள் அல்ல என்பதை அறிதல் வேண்டும். புதிதாகத் தோட்டம் இடுவோர் காச்சில் கொடி வாடுவதைக் கண்டு நீரும் உரமும் மிகுதியாக இடுவதுண்டு. கொடி தன் உணவைக் கிழங்கிற்கு இறக்கி ஓய்வுக்குச் செல்லும் நிலையில் இடப்படும் மிகைநீர் கிழங்கை அழுகச் செய்யும்.

4. நீர்: வடித்தலிலிருந்து காத்தலுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் விளைக்குப் பெருந்தீங்கு செய்வது தேங்கும் நீராகும். மரச்சீனி, இஞ்சி, மிளகு ஆகிய மூன்றும் வேர்ப்பகுதியில் நீர் நிற்பதைத் தாங்கா. ஆகவே கூதிரில் பாத்திகளை உயர்த்துதல், வடிகால்களில் அடைந்த மண்ணை அகற்றுதல், கையாலையில் விழுந்த உடைப்புகளை அடைத்தல் ஆகியன முதற்பணிகள்.

மழை ஓய்ந்தபின் பணி நேர்மாறாகிறது. அதே வடிகாலின் வாயை மண்ணாலோ கல்லாலோ ஒடுக்கி, எஞ்சிய சிறுமழை நீரை நிலத்துள் இறங்கவிட வேண்டும். மேல்மண்ணை இலேசாகக் கொத்திவிட்டால் ஆவியாதல் குறையும். அதன்மேல் சருகு, களை, வாழை இலை ஆகியவற்றை மூடாக்காகப் பரப்ப வேண்டும்.

மூடாக்கிற்குரிய காலம் மிகக் குறுகியது. மண் சேறாக இருக்கும்போது தடித்த மூடாக்கிட்டால் பூஞ்சையும் நத்தையும் பெருகும். மண் உலர்ந்தபின் இட்டால் காப்பதற்கு ஈரம் இராது. கைப்பிடி மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிரும் நிலையே ஏற்றது.

தென்னைக்குக் கதம்பை சிறந்த மூடாக்கு. அது தன் எடையைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீரை ஏற்று வைக்க வல்லது. தென்னை மூட்டைச் சுற்றி ஏறத்தாழ 1.8 மீட்டர் ஆரமுள்ள தடத்தில் கதம்பைகளைப் புறப்பகுதி மேல்நோக்கியிருக்கப் பரப்புவர். குழிவெட்டிப் புதைக்கும்போது உட்குழிவு மேல்நோக்கி இருக்க வேண்டும். மேலே பரப்புங்கால் நோக்கம் ஆவியாதலைத் தடுத்தல். புதைக்குங்கால் நோக்கம் நீரை ஏந்துதல்.

5. அடுக்குதோறும் பணிகள்

5.1 தென்னையும் பிற மரங்களும்

தென்னைக்கு ஆண்டில் இருமுறை உரமிடுதல் வழக்கம். இரண்டாவது தவணை புரட்டாசி, ஐப்பசியில், மண்ணில் ஈரமிருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். முன்பனியில் இடும் உரம் வேருக்கு எட்டாமல் வீணாகும். மழை இடைவெளியில் மரமேறுவோரைக் கொண்டு உலர்ந்த ஓலை, கொதும்பு, சில்லாட்டை ஆகியவற்றை நீக்கிக் கொண்டையைத் துப்புரவு செய்தல் நன்று. காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் தாக்கிய துளைகள் இப்போதே கண்ணிற்படும். அவ்வண்டுகளுள் முன்னது மட்கும் எருக்குழியிற் பெருகுவதால், குழியைக் கிளறிப் புழுக்களை அகற்றுதலும் இதனோடு சேர்ந்த பணியே.

கூதிரின் மிகையீரத்தில் தோன்றும் குருத்தழுகல் தென்னையை முழுதாகக் கொல்ல வல்லது. நடுக்குருத்து வெளிறி, இழுத்தால் எளிதில் கையோடு வருவது இதன் குறி. தொடக்கத்திலேயே அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, போர்டோப் பசை தடவி, மழைநீர் புகாதவாறு மூடினால் மரத்தைக் காக்கலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும் 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கினால் இப்பசை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் இதற்கு ஆகாது.

மாமரத்திற்கு முன்பனியில் நீர் பாய்ச்சுதல் கூடாது. மழை நின்றபின் வரும் வறட்சியும் தணிந்த இரவுவெப்பமுமே பூவைத் தூண்டுகின்றன. நீர் கிடைத்தால் மரம் பூவுக்கு மாறாகத் தளிரையே விடும்.

5.2 நல்லமிளகும் வாழையும்

மிளகுச் சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் பறிப்பு தொடங்கும். எல்லாம் பழுக்கும்வரை காத்திருந்தால் பறவைகளாலும் உதிர்தலாலும் இழப்பு நேரும். அதற்கு முன் மழையில் பறித்தால் உலர்த்த வெயில் இராமல் பூஞ்சை பிடிக்கும். மார்கழி வெயிலில் பறிப்பும் உலர்த்தலும் ஒன்றுகூடி வருவதாலேயே இப்பயிர் இப்பருவத்தோடு இயைந்துள்ளது. பறிப்பு முடிந்த கொடியின் மூட்டில் மண் அணைத்து, இளங்கொடிகளைக் கமுகோலையால் நிழலிட்டுக் காத்தல் வேண்டும்.

ஓணத்தை முன்னிட்டு ஆவணியில் குலை வெட்டுவதற்கான ஏத்தன் வாழை ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு முன், புரட்டாசி, ஐப்பசியில் நடப்படுகிறது. கார்த்திகைக் காற்றின்போது அது இளங்கன்றாகவே இருப்பதால் தப்பிவிடுகிறது. நடவுக்காலத்தின் இவ்வொழுங்கில் சந்தையின் தேவையோடு காற்றின் இயல்பும் கருதப்பட்டுள்ளது. ஆண்டு முழுவதும் குலைதள்ளும் பிற வாழைகளுக்கு முட்டுக் கொடுத்தல் இன்றியமையாதது. மழைக்காலத்தில் பரவும் இலைப்புள்ளி நோயால் கருகிய இலைகளை அறுத்து அப்புறப்படுத்தினால் நோய் மேலிலைகளுக்கு ஏறுவது குறையும்.

5.3 கிழங்குகள்

கிழங்கு இப்பருவமாற்றத்தின் மையப்பயிர். மாசி முதல் நடப்பட்ட சேனையும் காச்சிலும் எட்டு, ஒன்பது மாதங்களில் முற்றிக் கார்த்திகை, மார்கழியில் அகழத் தகுதியாகின்றன. மழைக்காலத்தில் தண்டு நுனிகளை நட்டு வளர்த்த சிறுகிழங்கு, பகல் குறுகும்போது கிழங்கிறங்கும் இயல்புடையது. அது மார்கழி, தையில் பயன் தரும். ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளைப் பாத்தியிற் புதைத்துப் பெறும் பனங்கிழங்கும் அதே காலத்தது. தென்மாவட்டப் பொங்கற் படையலில் கிழங்குகள் சிறப்பிடம் பெறுவதும், மார்கழித் திருவாதிரைக் கூட்டில் பலவகைக் கிழங்குகள் சேர்வதும், கேரளத்தில் தனு மாதத் திருவாதிரையை ஒட்டி ‘எட்டங்காடி’ என்னும் சுட்ட கிழங்குப் படையல் அமைவதும் இவ்விளைச்சலின் பண்பாட்டு வடிவங்களே.

அகழும்போது கிழங்கில் காயம்படாமை முதன்மையானது. காயத்தின் வழியே அழுகல் புகும். அகழ்ந்தவற்றைக் கழுவாமல், மண்ணை உதிர்த்து, நிழலில் சிலநாள் ஆறவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் மணல்மேல் பரப்பி வைக்க வேண்டும். உண்பதற்கு முன்னரே விதைக்கிழங்கைப் பிரித்து வைத்தல் வேண்டும். நோயற்ற, நல்ல வடிவுடைய கிழங்கை விதைக்கு ஒதுக்காமல் எஞ்சியதை விதையாக்கினால் ஆண்டுதோறும் விளைச்சல் தேயும். சேனைத் துண்டுகளைச் சாணிப்பாலில் தோய்த்து நிழலில் உலர்த்தி நடுவது வழக்கம்.

மரச்சீனி, விசாகம் திருநாள் மன்னரின் ஆட்சியில் (1880–1885) திருவிதாங்கூரில் ஊக்குவிக்கப்பட்டு, ஏழை எளியோரின் பசி தீர்க்கும் உணவாயிற்று. 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இப்பயிர்களில் மேம்பட்ட வகைகளை வெளியிட்டுள்ளது. பங்குனி, சித்திரையில் நட்ட மரச்சீனியை முன்பனியில் அகழ்ந்தபின், அதன் கம்புகளை நிழலில் நிமிர்த்தி வைத்து அடுத்த நடவுக்குக் காப்பர். வெள்ளை ஈயால் பரவும் தேமல் நோய் கம்பின் வழியாகவும் தொடர்வதால், இலையுள்ளபோதே நோயற்ற செடிகளை அடையாளமிட்டுக் கொள்ளுதல் வேண்டும். இலை உதிர்ந்தபின் நோயுற்ற கம்பையும் நல்ல கம்பையும் பிரித்தறிதல் அரிது.

5.4 காய்கறிகள்

பெருமழை ஓய்ந்த கார்த்திகைப் பிற்பகுதி வெண்டை, பயறு, வெள்ளரி, தடியங்காய், பாவல், புடல் ஆகியவற்றை விதைக்க ஏற்றது. வழுதலை, மிளகாய் நாற்றுகளை முன்னரே கூரையடியில் வளர்த்து இப்போது நடலாம். மழைக்காலத்தில் உயர்த்திய பாத்தியை இப்போது தாழ்த்தி, செடி நிற்கும் இடத்தைச் சிறு குழியாக்கினால் ஊற்றும் நீர் சிதறாது. ஆடியில் விதைத்த அவரை, குறுகிய பகலிலேயே பூப்பதால் மார்கழியில் காய்க்கும். கொடி செழித்தும் பூக்கவில்லையெனக் கூதிரில் அதனைப் பிடுங்குவது தவறு.

6. காற்று தந்த பாடம்

2017 நவம்பர் 29, 30 ஆகிய நாட்களில், கார்த்திகை நடுவில், ஒக்கிப் புயல் குமரிமுனையை ஒட்டிக் கடந்தது. புதுக்கடைக்கு மேற்கே தூத்தூர், வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்கள் கடலுக்குச் சென்ற மீனவரை இழந்தன. உள்நாட்டில் இரப்பர், வாழை, தென்னை ஆகியன பெருமளவில் வீழ்ந்தன. அவ்வழிவிலிருந்து விளைப் பராமரிப்பிற்கு மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கூதிர் முடியும் காலத்திலேயே இங்குக் காற்றின் இடர் மிகுதி என்பது. ஆகவே வீட்டின்மேல் சாய்ந்த கிளைகளைக் குறைத்தல் ஐப்பசிக்கு முன் முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது, மண் நீரால் நிறைந்திருக்கும்போது மரத்தின் பிடிப்புக் குறையும் என்பது. எனவே மரமூட்டில் நீர் தேங்காமை மரத்தின் நிலைப்பிற்கும் உரியது. மூன்றாவது, மண்ணுக்கு மேலுள்ள பயிர் அழிந்தாலும் மண்ணுக்குள் உள்ள பயிர் நிற்கும் என்பது. காற்று கிழங்கை எளிதில் அழிப்பதில்லை. ஒரே பயிரை நம்பிய தோட்டம் ஓரிரவில் தன் முதலை இழக்கக்கூடும்; பல அடுக்குள்ள விளையில் குடும்பத்தின் அடுத்த சில மாத உணவாவது நிலத்துள் எஞ்சும். காச்சிலும் சேனையும் அகழாமல் நிற்கும் காலமும் புயற்காலமும் ஒன்றாக இருப்பது எண்ணத்தக்கது.

7. மாறிவரும் விளை

பாகப்பிரிவினையால் விளைகள் சிறுத்துள்ளன. இரப்பர் ஒருபயிராகப் பரவியதால் பல விளைகளின் அடுக்கமைப்பு மாறியுள்ளது. முற்றத்தைக் கற்களால் முழுதும் பாவும் வழக்கத்தால், மண்ணில் இறங்க வேண்டிய மழைநீர் தெருவிற்கு ஓடுகிறது. இவற்றினும் எளிதாகத் திருத்தத்தக்க ஒரு வழக்கம் உண்டு: மார்கழியில் சருகைக் கூட்டி எரித்தல். மழைக்காலம் முழுவதும் மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்து, சருகாக மண்ணுக்குத் திரும்பும் காலம் இதுவே. எரித்தால் சாம்பலில் சாம்பற்சத்து ஓரளவு எஞ்சும். தழைச்சத்தும் மட்கும் மூடாக்கும் முற்றாக இழக்கப்படும். கூட்டிய சருகை எரிக்காமல் அருகிலுள்ள மரமூட்டில் சேர்த்தலே குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தரும் பணி.

விளை சுருங்குங்கால் சொற்களும் சுருங்குகின்றன. கையாலை, கொதும்பு, கதம்பை, மூடு, ஞாற்றுவேலை ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பணியையோ பொருளையோ காலத்தையோ துல்லியமாகச் சுட்டுவன. ‘உரம்’, ‘கழிவு’ என்னும் பொதுச்சொற்கள் அவ்விடத்தைப் பெறும்போது கதம்பை வெறும் கழிவாகிறது. அதனை எங்கு, எப்போது, எப்புறம் மேலாக வைப்பது என்னும் அறிவும் அத்துடன் நீங்குகிறது. இச்சொற்களைத் தொகுப்போர் அவற்றின் பொருளோடு அவை வழங்கும் பருவத்தையும் பணியையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும்.

8. முடிவுரை

புதுக்கடை வட்டார விளையில் கூதிர் முன்பனியாக மாறும் காலம் தோட்டம் உறங்கும் காலமன்று. அது கிழங்கு அகழும், மிளகு பறிக்கும், விதை பிரிக்கும், ஈரத்தை மூடிவைக்கும் காலம். இப்பருவத்தின் பணிகள் அனைத்தும் ஒரு நெறியில் அடங்குகின்றன: மழையுள்ளபோது நீரை விளையினின்று வெளியேற்றுதல், மழை ஓயும்போது அதனை விளையுள் நிறுத்துதல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாட்களை நாள்காட்டி மட்டும் காட்டாது. காச்சில் இலையும் மிளகு மணியும் கைப்பிடி மண்ணும் சேர்ந்தே காட்டும்.

ஆறு பெரும்பொழுதுகள் என்னும் தமிழ்ப் பகுப்பு, ஒவ்வொரு வட்டாரத்தின் மழைக்கும் மண்ணுக்கும் ஏற்பப் பொருள்கொள்ளப்படும்போதே உழவருக்குப் பயன்படுகிறது. தோவாளையின் வயலுக்கும் விளவங்கோட்டின் விளைக்கும் முன்பனி ஒன்றாக இராது. வட்டாரந்தோறும் இத்தகைய பருவக்குறிகளைத் தொகுத்து ஒப்பிடுதல் தமிழியலும் வேளாண்மை அறிவியலும் இணைந்து ஆற்றத்தக்க பணியாகும்.